ஆறாவது படம்

அழகு நிலையத்தின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மகனைக் கண்ணாடி முன் நாற்காலியில் உட்கார வைத்தாள். இருபது வருஷமாக ஊரார் முகத்தைத் தேய்த்தே பிழைக்கிறவளுக்கு, பெற்ற பிள்ளைக்கு முகம் படிக்கச் சொல்லித் தர வேண்டிய தலையெழுத்து!

பதினேழு வயது. போன மாதம் தங்கையின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு, அவள் அலறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழைத்துப் போனபோது மனநல டாக்டர் அவனுக்கு ஆறு முகப்படங்களைக் காட்டினார். சிரிப்பு, அழுகை, கோபம், அருவருப்பு, ஆச்சரியம் எல்லாம் டாண் டாணென்று சொன்னவன், ஆறாவது படத்தில் பயந்துபோயிருந்த பெண்ணைப் பார்த்து அதையும் ஆச்சரியம் என்றான். அடுத்தவர் பயப்படுவதே தெரியாதவனைச் சின்னப் பெண் இருக்கிற வீட்டில் விட முடியாது, அடுத்த வாரமும் இப்படியே என்றால் மருத்துவமனை விடுதியில்தான் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கோ அது ஃபெயிலான பாடமாகத்தான் பட்டது. டியூஷன் எடுத்தால் தேறிவிட மாட்டானா?

"புருவம் ஏறும். ஆனா நடுவுல சுருங்கும், பாரு," என்று செய்து காட்டினாள். சரியாகச் சொன்னபோதெல்லாம் தலையாட்டினாள். பயம் மட்டும் பிடிபடவில்லை. நாலு நாள் மாரடித்தும் ஆச்சரியம், ஆச்சரியம்தான்.

ஐந்தாம் நாள், முடியை நேராக்கச் சூடேற்றியிருந்த ஸ்ட்ரெய்ட்னரை எடுத்து அவள் கன்னத்தருகே கொண்டுவந்தான். அவசரமே இல்லை. ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்திவிட்டு, கண்ணாடியில் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"இதுவாம்மா?"

தான் பெற்ற பிள்ளையைப் பார்த்து அவளுக்குக் குலை நடுங்கியது. தலையாட்டினாள்.

மறுநாள் ஆறுக்கு ஆறு. டாக்டரே முதுகில் தட்டிக்கொடுத்தார். அம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க என்றான். அப்போதாவது அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, பாவி. பஸ்ஸில் அவள் பையையும் அவனே வாங்கி மடியில் வைத்துக்கொண்டபோது, பிள்ளை திருந்திவிட்டான் என்று நம்பிவிடக்கூடப் பார்த்தாள்.

வீட்டுக் கதவைத் தட்டியதும் உள்ளே காலடிச் சத்தம் வந்து நின்றது.

"அம்மா, அண்ணனும் வந்திருக்கானா?"

"வந்துட்டான்டி. திற."

தாழ்ப்பாள் விலக வெகுநேரம் பிடித்தது. கட்டுப்போட்ட இரண்டு விரல்கள் கதவின் விளிம்பில் தெரிந்து, சட்டென்று உள்ளே போய்விட்டன. அப்புறம் முகம். அவன் ஒரு கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டு குனிந்தான். தங்கையின் புருவத்தை, நடுவில் விழுந்திருந்த சுருக்கத்தை, நிதானமாகப் பார்த்தான்.

"பயம்," என்றான்.

சொல்லிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பிக் காத்திருந்தான். அவள் தலை, ஐந்து நாள் பழக்கத்தில், ஆடிவிட்டது.