சோப்புத் தண்ணீர்

நைட்டியின் ஓரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் கோடாக ஓடி வாசற்படியில் தேங்குகிறது, வெட்கத்தோடு அதன்மேல் காலை வைத்து மறைக்கிறேன், எனக்கு ஏழு மாதம், மறுநாள் வளைகாப்பு, அடுப்படியில் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டே மாமியார் சொல்கிறார், சூட்டுக்குத்தாம்மா தன்னையறியாமப் போவுது, பெருவிரல்ல வெளக்கெண்ணெயத் தடவு, சரியாப் போவும். ஒரு வாரமாகவே நீர்க்கடுப்பு, எரிச்சலில் உயிர் போகும், அதற்கும் விளக்கெண்ணெய்தான், வெந்தயம்தான், பாவம், அவர் அன்பில் ஒரு குறையும் இல்லை, எதையும் சூட்டின் தலையில் கட்டிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம், நானும் நம்பினேன், அப்போதுதான் மதினி வந்தாள், என் கணவரின் அக்கா சண்முகக்கனி, பிள்ளையில்லாதவள் என்று வளையல் போட யாரும் அழைக்காத மதினி, குனிந்தாள், தரையை விரலால் தொட்டு முகர்ந்தாள், ஏட்டி, இது ஒண்ணுக்கு இல்ல, பனிக்கொடத் தண்ணி, கெளம்பு ஆஸ்பத்திரிக்கு. மாமியார் கரண்டியோடு ஓடிவந்தார், ஏ கனி, நாளைக்குச் சனம் வருதுடி, வளையலப் போட்டுட்டுப் போகட்டுமே, மதினி நிமிர்ந்தாள், எனக்கும் சூடுன்னுதானம்மா சொன்ன, எம்புள்ள எங்க?

மாமியார் அடுப்பை அணைத்தார், ஆட்டோ வந்தது.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டே போகிறார், முன்னாடி கொறமாசத்துல பிரசவம் ஆயிருக்கா, ரத்தம் பட்டுச்சா, கடுப்பு இருந்துச்சா, கடுப்பு என்றதும் பேனாவை வைத்துவிட்டு, அந்தக் கிருமியாலகூட பனிக்குடம் முன்னாடியே ஒடையலாம்மா, சில பேருக்குக் காரணமே தெரியாது, நல்லவேளை உடனே வந்தீங்க என்கிறார், ஊசி, மாத்திரை, அசையாத படுக்கை, உள்ளே அவள் அசைகிறாளா என்று காத்திருந்த பகல்கள், ஒரு பகலில் மாமியார் வளையல்களை வார்டுக்கே எடுத்துவந்து, அழுதபடி, மொத வளையல நீ போடு கனி என்கிறார், மதினி என் விரல்களைக் குவித்துப் பிடிக்கிறாள், பச்சை வளையல் என் கையில் ஏறுகிறது, அதன்பின் கண்ணாடிப் பெட்டிக்குள் என் மகள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முதுகு, மூச்சு ஏறி இறங்குகிறது, சாமி, இறங்கியது மறுபடி ஏறுகிறது.

இன்று குளியலறையிலிருந்து தண்ணீர் கோடாக ஓடி அதே வாசற்படியில் தேங்குகிறது, மதினி தன்னையறியாமல் குனிகிறாள், விரலால் தொட்டு முகர்கிறாள், சோப்புத் தண்ணிட்டி, என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், எனக்குத்தான் கண் நிறைந்துவிடுகிறது, உள்ளேயிருந்து என் மகள் கத்துகிறாள், கனி அத்தே, துண்டு.