முடுக்கு இல்லாத பின்வாசல்

அக்கா ஜுனைதாவும் தங்கை ருக்ஸானாவும் முதுகோடு முதுகு ஒட்டிய மனைகளாகப் பார்த்துத்தான் வாங்கினார்கள். ஊருக்கு வெளியே மனை பிரித்த நகர் வேறு, விற்ற புரோமோட்டர் வேறு. அதனால் என்ன? ஊருக்குள் வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு உண்டு. ஆண்கள் நடமாடும் தெருவில் கால் வைக்காமலே பெண்கள் அந்தச் சந்து வழியாகக் கல்யாண வீட்டுக்கும் மவுத்து வீட்டுக்கும் போய்வருவார்கள். வீடு கட்டினால் முடுக்கும் கூடவே வந்துவிடும் என்று நம்பினார்கள், பாவம். இரண்டு வீட்டிலும் தேக்கில் பின்வாசல் வைத்தார்கள்.

திறந்தால் மதில். அதன் தலையில் கண்ணாடிச் சில்லு. ருக்ஸானா வீட்டுத் தாளிப்பு இங்கே மணக்கும், அவள் இருமல் கேட்கும். ஆனால் போய்ப் பார்ப்பதென்றால் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும். ஏர்வாடி ரோடு வரை போய், அடுத்த நகரின் கேட்டில் நுழைந்து, முட்டுச்சந்துகளில் முட்டித் திரும்ப வேண்டும். மதிலில் ஒரு கதவு கேட்டதற்கு, "உங்களுக்கு வழி விட்டா ஊரே உள்ள வரும்" என்றன இரண்டு நகர்ச் சங்கங்களும். வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒன்றாக நின்றார்கள். அவர்களைக் கட்டிய மாப்பிள்ளைகள் இருவரும் துபாயில். யார் போய்ச் சண்டை போடுவது?

அன்று மாலை ஜுனைதா அஸர் தொழுது எழும்போது மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"லாத்தா... இழுப்பு வந்திருச்சு. மூச்சு விட முடியல."

"பதறாம உக்காரு தங்கச்சி. இந்தா வாரேன்."

வாரேன் என்று வாய் சொல்லிவிட்டது, போக வழி ஏது? ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். அவள் போன் இருந்த இடத்தைப் பார்த்து அது ஜுனைதா வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. தங்கச்சி அந்தப் பக்கம் என்று அவள் கைகாட்ட, ஓடிவந்த டிரைவர் பின்வாசலில் மதிலைப் பார்த்துத் திகைத்தார்.

"அங்கன போக வழி எங்கனம்மா?"

"ரோட்டச் சுத்தித்தான் போவணும்" என்று அழுதபடி வண்டியில் ஏறினாள்.

போய்ச் சேர்ந்தபோது ருக்ஸானா பின்வாசலைத் திறந்துபோட்டு மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உயிர் இல்லை. அக்கா வருவாள் என்று முகத்தை ஜுனைதா வீட்டுப் பக்கமே திருப்பியிருந்தாள்.

மையித்தைக் குளிப்பாட்ட ஊருக்குள்ளிருந்து பெண்கள் வேனில் வந்து இறங்கினார்கள். வாசலை அடைத்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்களில் மூத்தவள் தயங்கி, ஜன்னல் பக்கம் வந்து கேட்டாள்.

"முடுக்கு எந்தப் பக்கம்மா? பின்னால வந்துர்றோம்."

"முடுக்கு இல்ல மாமி" என்றாள் ஜுனைதா. "இருந்திருந்தா நீங்க இன்னைக்கி வந்திருக்கவே வேண்டாம்."