கலர் ஸ்கேன்

1.

இந்தக் கதை ஒரு வதந்தியிலிருந்து பிறந்தது. கிளப்பியவள் நான்தான். 1996, பொழிச்சலூர், தண்ணி லாரி வரிசை. "பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரியைத் தாம்பரத்துக்குக் கலர் ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்" என்றேன். அவ்வளவுதான்.

(பொய். "பிள்ளை கலரா இருக்கான்னு பார்க்கத்தான் இருக்கும்" என்றும் சொன்னேன். டாக்டர் சீட்டில் எனக்குப் புரிந்தது 'கலர் ஸ்கேன்' என்ற இரண்டு வார்த்தைதான். சீட்டை எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். நம் ஊரில் 'கலரா இருக்கு' என்றால் ஒரே கலர்தான்: சிவப்பு.)

2.

"அன்று வானம் மேகமூட்டமாக—"

வேண்டாம். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. இப்படித் தொடங்குகிறேன்:

சாமுண்டீஸ்வரிக்கு எட்டாம் மாதம். வயிறு ஆறாம் மாத அளவிலேயே நின்றுவிட்டது. தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று புது மிஷினில் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். போன தடவை ஏழாம் மாதத்தில் ஒன்று அழாமலே பிறந்து போயிருந்தது. அதனால் இதை அவளும் புருஷன் சிட்டிபாபுவும் வெளியே மூச்சுவிடவில்லை. மாமியார் தாயாரம்மாளிடம்கூட.

என் வதந்தி மத்தியானத்துக்குள் தாயாரம்மாள் காதுக்குப் போய்விட்டது.

"ஏண்டி, வவுத்துல கீற புள்ளைக்கே கலரு பாக்குற மிஷினு வந்துகீதாமே? எங்கிட்ட சொன்னா இன்னாவாம்?"

சாமுண்டீஸ்வரி திருத்தத்தான் வாயெடுத்தாள். மாமியார் முகத்தில் அத்தனை குஷி.

"ஆமா அத்தே. கலர்தான் பார்ப்பாங்க."

சொன்னதும் அவளுக்கே கொஞ்சம் மூச்சு வந்தது. வீட்டில் ஒருவராவது பயப்படாமல் இருக்கட்டுமே. தாயாரம்மாள் அன்றைக்கே குங்குமப்பூ* வாங்கிவரச் சொன்னாள்.

* பாலில் போட்டுக் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்குமாம். தாயாரம்மாள் தன் நாலு பிரசவத்துக்கும் குடித்தவள். சிட்டிபாபுவைப் பார்த்தவர்கள் அந்த வைத்தியத்தை நம்ப மாட்டார்கள்.

3.

[தாயாரம்மாளைக் கொடுமைக்கார மாமியாராக்கி ஒரு பக்கம் எழுதினேன். கதை நன்றாகத்தான் ஓடியது. ஆள்தான் ஒத்துவரவில்லை. கிழித்துவிட்டேன்.]

ஸ்கேன் அறையில் நான் இல்லை. இருந்த மூவரில் மாமியாரையும் மருமகளையும் தனித்தனியாக விசாரித்துவிட்டேன். டாக்டரம்மாதான் அகப்படவில்லை.

வயிற்றில் ஜில்லென்று பசை. கறுப்பு வெள்ளைத் திரையில் திடீரென்று சிவப்பும் நீலமும் மின்னின. சாமுண்டீஸ்வரி திரையைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சுருங்கினால்—

"இன்னா டாக்டரம்மா, நீலமா கீது? எங்க வம்சத்துல நீலமே கெடையாதே!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "குழந்தையோட நிறம் இல்லம்மா. ரத்தம் ஓடுறது. வர்றது ஒரு கலர், போறது ஒரு கலர்." பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "கொடியில ஓட்டம் கம்மியா இருக்கு. அதான் குழந்தை சின்னதா இருக்கு. ஆனா ஓட்டம் நிக்கல. கேளுங்க."

எதையோ திருகினார். முறத்தில் அரிசி புடைப்பதுபோல அறை முழுக்கச் சத்தம்.

தாயாரம்மாள் திரையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். ["கண்கள் குளமாயின" என்று எழுதி அடித்தேன். ஆகவில்லை.]

"கருப்போ செவப்போ, நீ ஓடிக்கினே இரு கண்ணு" என்றாள் திரையிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏண்டி, இத்தயெல்லாம் நீ ஒண்டியாவா சொமந்துகினு இருந்தே?"

4.

இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். தினமும் காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்குள் பிள்ளை பத்துத் தடவையாவது அசைய வேண்டும். குறைந்தால் அந்த நிமிஷமே கிளம்பி வர வேண்டும். இது டாக்டரம்மா உத்தரவு.

முடிவு ஒன்று: இரண்டே கிலோவில் ஒரு பெண், தெருவைக் கூட்டும் குரலோடு.

முடிவு இரண்டு: அந்த வீட்டில்—

எழுதக் கை வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி, நடந்தது எனக்குத் தெரியாதா? தெரியும். முந்திக்கொண்டு சொல்வதாக இல்லை. ஸ்கேனுக்கு மறுநாள் சாயங்காலம் ஐந்தே முக்காலோடு நிறுத்திக்கொள்கிறேன். சுவருக்கு இந்தப் பக்கம் நான். ஜன்னலுக்குள் கட்டிலில் சாமுண்டீஸ்வரி, கண்ணை இறுக மூடியபடி. அவள் வயிற்றின்மேல் தாயாரம்மாளின் கை.

"இன்னா எட்டிப் பாக்குறே, கனகவல்லி? ஒம்போது தபா அசைஞ்சிடுச்சு. உள்ள வா."

போனேன். பக்கத்து ஏர்போர்ட்டில் இறங்கும் விமானம் ஒன்று தலைக்கு மேல் போனது. கட்டில் சட்டம் அதிர்ந்தது.

"இப்ப அசைஞ்சுதே!" என்றேன்.

"அது பிளேனு. வாய மூடு."

சத்தம் தேய்ந்து அடங்கியது. தாயாரம்மாள் தன் கையை நகர்த்தி, என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். சாமுண்டீஸ்வரி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

இப்போது நான் கையை எடுத்துக்கொள்கிறேன். இடம் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. உங்கள் கையை வையுங்கள். அழுத்த வேண்டாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.