தள்ளுகிற கைக்கு நாலு விரல்

வெள்ளம் வடிந்த மூன்றாவது வாரம், வீடு கட்டித் தரும் தொண்டர்களோடு நானும் சேர்ந்தேன். ஆபீசில் கோப்பைத் தூக்கினாலே மூச்சு வாங்கும் ஆள் நான். மேஸ்திரி அக்கா ஒருநாள் முழுக்க என்னைப் பார்த்தார். மறுநாள், இனிமேல் அளவெடுக்கிற வேலை எனக்கு என்று டேப்பைக் கையில் கொடுத்துவிட்டார். பதவி உயர்வு என்றே நினைத்துக்கொண்டேன்.

அது ஒரு தையல்காரம்மாவின் வீடு. இடிந்த சுவரில் கால் நசுங்கிய அவருடைய அப்பா, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வருகிறார். நான் ஆஸ்பத்திரிக்கே போய் நாற்காலியை அளந்து வந்தேன். புதன்கிழமை சுவர் எழும்பி, வாசலுக்கு நிலையும் வைத்தாயிற்று. நிலைக்குப் பக்கத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டேன்.

வியாழன் காலை தையல்காரம்மா வந்தார். கழுத்தில் கிடந்த நாடாவை நிலைக்குக் குறுக்கே பிடித்தார். இன்னொரு தடவை பிடித்தார். பிறகு ரொம்ப நல்லா இருக்கு என்றார். நான் பூரித்துப்போனேன். மேஸ்திரி அக்கா மட்டும் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னம்மா குறை? சொல்லு."

"எல்லாரும் காசு வாங்காம இவ்வளவு கஷ்டப்பட்டு..."

"அதுக்காக? நீ ஓசியில தைச்ச ஜாக்கெட்டா இருந்தாலும் கை ஏறலைன்னா சொல்ல மாட்டாங்களா?"

தையல்காரம்மா தலை குனிந்தார். "நாற்காலி நுழையும்க்கா. சக்கரத்தத் தள்ளுற கைதான் இடிக்கும். அப்பா யாரையும் தள்ள விடமாட்டாரு. இன்னும் நாலு விரல் அகலம் வேணும்."

சக்கரத்தை அளந்த மகராசன் நான், கையை அளக்கவில்லை.

"வீட்டுக்காரங்களக் கேக்க மறந்துட்டோம்ணே" என்றார் மேஸ்திரி அக்கா. நான் மறந்ததில் தன்னையும் சேர்த்துக்கொண்டு, தான் கட்டிய சுவரில் முதல் கடப்பாரையைத் தானே போட்டார். பொழுது சாய்வதற்குள் தச்சர் நிலையை அகலமாக்கித் தந்தார். பழைய கதவு பொருந்தாததால் தையல்காரம்மா ஒரு திரை தைத்து மாட்டினார்.

வெள்ளிக்கிழமை பெரியவர் வாசலுக்கு வந்தார். உதவப் பாய்ந்த என் சட்டையை மேஸ்திரி அக்கா பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினார். பெரியவர் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். கை எங்கும் இடிக்கவில்லை. எதையோ மறந்தவர் போல வெளியே வந்தார். எதையும் எடுக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பாமல், இன்னொரு தடவை உள்ளே போனார்.