செங்காட்டாற்றை மறித்தவர்கள்

சூலூருக்குக் கிழக்கே செங்காட்டாறு என்றொரு ஆறு. ஆறு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஐப்பசியில் மழை பிடித்தால் பத்து நாள் ஓடும், மீதி நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேலும். அதன் கரையில்தான் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு நாகரிகமே இருந்திருக்கிறது. இதுவரை ஆறு ஊர்கள் அகப்பட்டுவிட்டன. கருப்பு சிவப்புப் பானை, பாசிமணி, இரும்பு உருக்கிய உலை எல்லாம் கிடைத்தன. தண்ணீரைத் தேக்கியதற்கு மட்டும் ஓர் அடையாளமும் இல்லை. அதனால் வெள்ளம் வந்தால் ஓடிப்போய், வடிந்தால் திரும்பி வந்த கூட்டம் என்று படித்தவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள்.

கருப்பாத்தாளுக்கு அது சுருக்கென்றது. அகழாய்வில் தினக்கூலிக்குக் குழி தோண்ட வந்தவள்தான். ஆனால் ஆறு மாதமாக அந்தச் சனங்களின் பானைகளைத் தன் கையால் துடைத்து எடுத்தவள். இத்தனை நேர்த்தியாகப் பானை வனைந்தவர்களுக்கா தண்ணீர் கட்டத் தெரியாது? நல்ல கதை!

அன்று வெள்ளிக்கிழமை, வேலைக்குக் கடைசி நாள். விவசாயி சென்னிமலையின் ஆற்றோரத் தோட்டத்து மேட்டில் வெட்டிய குழியில் ஓர் ஓடுகூடக் கிடைக்கவில்லை. அகழாய்வுக்குத் தலைவி ஹிபா, கோவை கோட்டைமேட்டுப் பெண். ‘வெள்ளம் ஒதுக்கிய மண்மேடு’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள். போட்டால் தீர்ந்தது. மேட்டை நிரவித் தறிக்கொட்டகை கட்ட, ஜேசிபி வேலியோரம் தயாராக நிற்கிறது.

கருப்பாத்தாள் மனசு கேட்காமல் குழிக்குள் இறங்கினாள். சுவரில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். நனைந்ததும் மண் நிறம் காட்டியது. செம்மண், கரிசல், மறுபடி செம்மண், திட்டுத்திட்டாக, ஒவ்வொன்றும் இட்லியைக் கவிழ்த்து வைத்தாற்போல. முப்பது வருஷமாகக் குளத்து வேலையில் அவள் தலையிலிருந்து கொட்டிய மண் இப்படித்தான் விழுந்திருக்கிறது.

“ஏனுங்க அம்மணி, அந்தப் பேனாவ மூடுங்க! இது ஆறு கொண்டாந்த மண்ணு இல்லீங்க. ஆளுக செமந்து கொட்டுனதுங்க.”

ஹிபா சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. “எப்படீங்கக்கா சொல்றீங்க? நான் எழுதோணும்னா ஆதாரம் வேணுமுங்களே.”

“இருங்க, காட்டிப்போடறேன்.”

முந்தானையை இழுத்துச் செருகினாள். சட்டி நிறையச் செம்மண் அள்ளித் தலையில் ஏற்றி, நாலு எட்டு நடந்து கவிழ்த்தாள். அடுத்தது கரிசல். மறுபடி செம்மண். இப்படியே இருபது சட்டி. ஜேசிபிக்காரன் ஆரன் அடித்தான். அடிக்கட்டுமே, இவளுக்கென்ன! தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து இறுக்கி, மண்வெட்டியால் குவியலை நடுவாக்கில் சீராகச் செதுக்கி இறக்கினாள்.

ஹிபா குவியலைப் பார்த்தாள், குழிச்சுவரைப் பார்த்தாள். அதே திட்டு, அதே வளைவு, அளவுகூட ஏறக்குறைய அதே. சுவரின் அடித்திட்டு ஒன்றைச் சுரண்டியதும், மண்ணோடு மண்ணாக அள்ளி வந்த கருப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்று அவள் கையில் உதிர்ந்தது. “யா அல்லாஹ்!” என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கரையிலும் இதே நேருக்கு ஒரு மேடு உண்டு. அப்படியானால் இது மேடே இல்லை, அணை. ஓடிப்போன கூட்டமாம்! ஆற்றையே மறித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

“இங்க பாருங்க அம்மணி, இந்தத் திட்டுக மட்டும் பாதி அளவுதான். மாசமா இருந்தவ யாரோ செமந்திருக்கறா. என்ற லோகப்பிரியா வயித்துல இருந்தப்ப நானும் அரைச்சட்டிதானுங்க செமந்தேன்.”

“அதையெல்லாம் அறிக்கைல எழுத முடியாதுங்கக்கா” என்றாள் ஹிபா. ஆனாலும் அந்தச் சின்னத் திட்டுகளை மட்டும் இரண்டு தரம் அளந்தாள்.

என்ன தாமதம் என்று கேட்க வந்த சென்னிமலை, விஷயத்தைக் கேட்டதும் குழிக்குள் எட்டிப் பார்த்தார். கொட்டகை போச்சே என்ற வருத்தம் முகத்தில் ஒரு நிமிஷம்தான் இருந்தது. ஜேசிபியைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“அடேங்கப்பா! என்ற தோட்டத்துலயா? ஏனுங்க அம்மணி, எந்த ராசா கட்டுனதுங்க இது?”

ஹிபா கருப்பாத்தாளைப் பார்த்தாள். கருப்பாத்தாள் சட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“ராசா எங்கீங்க மண்ணு செமந்தாரு? நாங்கதானுங்க கட்டுனோம்.”