மூன்று சென்ட் கொல்லை

வெள்ளிக்கிழமை மத்தியானம் விவசாய ஆபீசர் ஒப்ரேஜா கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, தோய்னா கடைசிக் கேரட் கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் சனிக்கிழமைச் சந்தை. கேரட், பீட்ரூட், வெங்காயத்தாள் எல்லாம் மண் போகக் கழுவி, இலை ஒரே பக்கம் பார்க்கும்படி தொட்டிகளில் அடுக்கியாயிற்று. ஆபீசர் வருகிறார் என்று வியாழக்கிழமையே சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெரிய மனிதர் வரும்போது கொல்லை லட்சணமாக இருக்க வேண்டாமா? நடைபாதையைக் கூட்டினாள், கிணற்றுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். போதாததற்கு விடியற்காலையிலேயே எழுந்து மூன்று பாத்தியையும் பிடுங்கிச் சுத்தம் செய்து, கொத்தி, சாண உரம் போட்டு, முட்டைகோஸ் நாற்றும் நட்டுவிட்டாள். அடடா, என்ன சுறுசுறுப்பு! அந்தச் சுறுசுறுப்புதான் அவளுக்கு வினையாக வந்து நின்றது.

ஒப்ரேஜா தொட்டிகளைப் பார்த்தார். பிறகு பாத்திகளைப் பார்த்தார். விரல் நீளத்துக்கு நாற்றுகள், வரிசை பிசகாமல், ஜூலை வெயிலில் தலை தொங்கிக் கிடந்தன. வேலியோரமாக மட்டும் பீன்ஸ் கொடி ஆள் உயரத்துக்கும் மேலே கயிற்றில் ஏறி, எள் விழ இடமில்லாமல் அடர்ந்திருந்தது.

"கேரட் எங்கம்மா விளைஞ்சுது?"

"இதோ, இங்கதான் சார். காலையிலதான் பிடுங்கினேன்."

"இங்க முட்டைகோஸ்தானே இருக்கு?"

"அது அதுக்கப்புறம் நட்டது சார்."

அவர் ஒரு கேரட் கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லவர்தான். குரல் உயர்த்தாதவர், வந்ததும் வராததுமாகத் தொப்பியைக் கழற்றியவர். ஆனால் மொத்த மண்டியில் லாரியிலிருந்து இறங்குகிற கட்டும் இதே மாதிரி கழுவி, இதே மாதிரி ரப்பர் பேண்டு போட்டுத்தானே வருகிறது? தோய்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆபீசரை வரவழைத்தது, சேதி கொண்டுவந்தவர்களே சொன்னபடி, யாரோ கையெழுத்தில்லாமல் எழுதிப் போட்ட புகார். உள்ளங்கை அகலக் கொல்லையை வைத்துக்கொண்டு வாரா வாரம் ஒரு மேடை நிறையக் காய் கொண்டுவருகிறாள், மண்டியில் வாங்கி விற்கிறாள் என்று. சந்தையில் கிழக்கு வரிசை, சொந்தமாக விளைவிக்கிறவர்கள் என்று சான்றிதழ் வாங்கினவர்களுக்கு மட்டும். வாங்கி விற்பது தெரிந்தால் சான்றிதழ் போச்சு, மேடையும் போச்சு. அவள் வேலை பார்த்த காலுறை மில்லை மூடின வருடம் புருஷனும் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு ஒன்பது வருடமாக அவள் சாப்பிட்ட ஒவ்வொரு கவளமும் அந்த மேடையிலிருந்து வந்தது.

"நூத்திப் பத்து சதுர மீட்டர்," என்றார் ஒப்ரேஜா, காகிதத்தைப் பார்த்து. "எங்க கணக்குப்படி இதுல வர்றதைவிட நீங்க மூணு பங்கு விக்கிறீங்க."

"மூணு தடவை விளையுது சார்! ஒரு பாத்திய ஒரு நாள்கூட சும்மா விடமாட்டேன். கேரட் முளைக்கறதுக்குள்ள அதுக்கு நடுவுல முள்ளங்கி எடுத்துடுவேன். தக்காளி வளர்றதுக்குள்ள அதோட காலடியில சலாடு கீரை. வெள்ளரி, பீன்ஸ் எல்லாம் கயித்துல ஏத்திடுவேன், தரைய அடைக்காது. மில்லுல மெஷினுக்கு நடுவுல நின்னு பழகினவ சார் நான், இடம் எப்படி மிச்சம் பிடிக்கறதுன்னு எனக்கா தெரியாது?"

"நீங்க சொல்றது இருக்கலாம். ஆனா நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்? நான் பார்க்கறது நாத்து." அவர் உண்மையிலேயே சங்கடப்பட்டார். "யாராவது கண்ணால பார்த்தவங்க எழுதிக் கொடுத்தா சரி. வேலிக்கு அந்தப் பக்கம் யாரு?"

வேலிக்கு அந்தப் பக்கம் அக்லாயா. இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பீன்ஸ் கொடியால் வேலியை ஒட்டியிருக்கிற என் அடுப்பங்கரை இருட்டாகிறது என்று அவள் ஒருநாள் வந்து கேட்டாள். வெயில் யார் வீட்டுச் சொத்து என்று தோய்னா திருப்பிக் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்தான். அடுத்த கோடையில் வீம்புக்கென்றே கயிற்றை இன்னும் ஒரு முழம் உயர்த்திக் கட்டியவளும் இவள்தான். புகாரை எழுதினது அக்லாயாவாகத்தான் இருக்கும் என்று முந்தின நாளிலிருந்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

மேடையை நினைத்துக்கொண்டாள். வேலியண்டை போய் நின்றாள்.

"அக்கா."

அந்தப் பக்கம் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. "யாருக்கு யாருடி அக்கா?"

"கொஞ்சம் வாங்களேன். ஆபீசர் வந்திருக்காரு."

அக்லாயா வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு, ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்தாள். ஒப்ரேஜா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் கோணிக்கொண்டே போனது. தோய்னா தரையைப் பார்த்தாள்.

"இவளா? வாங்கி விக்கறாளா?" அக்லாயா இடுப்பில் கை வைத்தாள். "ஐயோ சாமி, வாங்கி வித்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேனே! நாலரை மணிக்கு வாளிய உருட்டறா சார். எழுதிக்குங்க. ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை இந்தப் பாத்தியில முள்ளங்கி பிடுங்கினா. அன்னைக்கு சாயந்திரமே பீட்ரூட் நாத்து. அதைத்தான் இன்னைக்குக் காலையில பிடுங்கினா. அந்த மூலையில சலாடு கீரை மூணு தடவை ஆச்சு, மூணாவது தடவை நத்தை தின்னுடுச்சு, எனக்குச் சந்தோஷமா இருந்துது. அதோ அங்க வெங்காயம், ஒண்ணு விட்டு ஒண்ணு உருவி எடுப்பா, மிச்சம் பருக்கும். போன ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாம களை எடுத்தா. பாவம்தானே அது, எழுதிக்குங்க!"

ஒப்ரேஜா குனிந்து முட்டைகோஸ் நாற்றுக்குப் பக்கத்தில் விரலை விட்டுக் கிளறினார். அறுந்த கேரட் நுனி ஒன்று வந்தது, இன்னும் ஈரமாக. அதைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

"தேதி தேதியா சொல்றீங்களேம்மா. இவ்வளவு எப்படிக் கவனிச்சீங்க?"

"பிடிக்காதவங்களைத்தானே சார் நாம உத்து உத்துப் பார்ப்போம்?" என்றாள் அக்லாயா. "என் ஜன்னல்லேர்ந்து பார்த்தா இந்த இலைக்கு நடுவுல ஒரு ஓட்டை இருக்கு. அது வழியா இவதான் தெரியறா."

தோய்னாவுக்குக் கண் கரித்தது. நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். அக்லாயா கையைக் காட்டித் தடுத்தாள்.

"இந்தா, குழையாத. உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான். உன்னை மன்னிச்சுட்டேன்னு யார் சொன்னா?" பிறகு ஆபீசர் பக்கம் திரும்பினாள். "கையெழுத்துப் போடணும்னா என் கண்ணாடி உள்ள இருக்கு. ரெண்டு பேரும் வாங்க."

அக்லாயா வீட்டு அடுப்பங்கரைக்குள் தோய்னா நுழைந்தது அன்றுதான் முதல் தடவை. வெளியே வெயில் கொளுத்துகிற மூன்று மணி. உள்ளே மேஜைக்கு மேல் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. யாரும் அப்போது அதைப் போடவில்லை, அது எரிந்துகொண்டேதான் இருந்தது. அடுப்பில் முட்டைகோஸ் சூப்பு கொதித்தது. அக்லாயா நாற்காலியை விளக்குக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, காகிதத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒப்ரேஜா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தோய்னா ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். கண்ணாடி முழுக்க அவளுடைய பீன்ஸ்தான், இலைகளின் வெளிறிய முதுகுகள். அவள் கைக்கு எட்டாத, கண்ணுக்கே தெரியாத அந்தப் பக்கத்தில் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் போதும், ஒரு சட்டி குழம்புக்கு ஆகும். ஒன்றைக்கூட யாரும் பறித்திருக்கவில்லை. எல்லாம் முற்றி, மஞ்சளாகி, உள்ளே விதை புடைக்கக் கண்ணாடியில் இடித்துக்கொண்டிருந்தன.