ஷிமே வீட்டுக் காபி

வீடு விற்கிறவன் வீட்டில் இருக்கக் கூடாது. மெல்பர்னில் இது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். சனிக்கிழமை அரை மணி நேரம் ஊரான் எல்லாம் உள்ளே வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பான், குளியலறையைப் பார்த்து மூக்கைச் சுளிப்பான். அந்த நேரத்தில் வீட்டுக்காரன் பூங்காவில் போய் வாத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஷிமேக்கு மட்டும் இந்த நியாயம் மண்டையில் ஏறவே இல்லை.

"என் வீட்டுக்கு ஆளுங்க வர்றப்ப நான் ஓடி ஒளியணுமா? நான் என்ன திருடனா?" என்பார்.

டால்மேஷியாக் கடற்கரையிலிருந்து இளவட்டமாகக் கப்பலேறி வந்த மனிதர். அவர் ஊரில் வாசற்படி மிதித்தவனுக்குக் காபி கொடுக்காமல் அனுப்புவதும் செருப்பால் அடிப்பதும் ஒன்றுதான். வரி கேட்டு வந்தவனுக்கும் கொடுத்திருக்கிறார், மதம் மாற்ற வந்தவனுக்கும் கொடுத்திருக்கிறார். கூடவே ஒரு தட்டில் கொல்லைப்புற மரத்து அத்திப்பழம், காயவைத்தது.

மகள் நெவென்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். சனிக்கிழமை விளையாட்டுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். அதனால் தரகன் டேரிலிடம் கறாராகச் சொல்லி வைத்திருந்தாள்: "அப்பாவை வெளியே அனுப்பிடு. அம்மா ரூம் விஷயம் உன் வாயிலேர்ந்து வந்துச்சு, அப்புறம் நடக்கிறதே வேற."

அம்மா ரூம் விஷயம் இதுதான். பக்கவாதம் வந்த ஷிமேயின் மனைவி தோன்கா ஆறு மாதமாக முதியோர் இல்லத்தில் கிடக்கிறாள். பேச்சு போய்விட்டது, கண் மட்டும் வாசலையே பார்க்கும். அந்த இல்லத்தில் இரண்டு பேர் சேர்ந்து இருக்கிற அறை ஒன்றே ஒன்று காலியானது. ஏலத்துக்கு அடுத்து வரும் வெள்ளிக்கிழமைக்குள் வீடு விற்ற ஒப்பந்தத்தைக் காட்டினால் அறை ஷிமேக்கும் தோன்காவுக்கும். இல்லையென்றால் வரிசையில் நிற்கிற அடுத்த ஜோடிக்கு. வாங்க வருகிறவன் காதில் இது விழுந்தால் கழுத்தில் கத்தி வைத்துவிடுவான் என்று நெவென்கா பயந்தாள். பயந்தது சரிதான்.

ஏலத்தன்று நெவென்கா விடுப்பு எடுத்து வந்திருந்தாள். நடைபாதையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அக்கம்பக்கத்தார் நாயோடும் தள்ளுவண்டிக் குழந்தையோடும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். ஏலக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. கடைசியில் லாக்லன் என்கிற இளைஞன், பேண்ட் பையிலிருந்து கையைக்கூட எடுக்காமல், அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னான். அதற்கு மேல் கேட்க ஆளில்லை. வீடு விலை போகவில்லை என்று அறிவித்தார்கள். அப்படி ஆனால், கடைசியாகக் கேட்டவன் உள்ளே வந்து முதலில் பேரம் பேசுவது இங்கே வழக்கம். லாக்லனும் அவன் மனைவி இமொஜெனும் உள்ளே வந்தார்கள்.

ஷிமே ஏற்கெனவே அடுப்பில் செம்புக் கிண்ணியை ஏற்றியிருந்தார்.

"தாத்தா! உங்க காபி வாசனை தெருமுனை வரைக்கும் வருது" என்று இமொஜென் வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். எந்த நாற்காலி ஆடும் என்பது தெரிந்தவள்போல அதை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள். நெவென்காவுக்குச் சுருக்கென்றது.

லாக்லன் ஒரு விலை சொன்னான். தெருவில் கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகம். வீடு பெறுகிற விலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் நெவென்காவுக்கு அந்தத் தொகை தெரியும். அது அந்த அறைக்கு இல்லம் கேட்ட முன்பணம். ஒரு டாலர் கூடவும் இல்லை, ஒரு டாலர் குறையவும் இல்லை.

அவள் டேரில் பக்கம் திரும்பினாள். "டேய், சம்பளம் எங்ககிட்ட வாங்கிட்டு வாலை அங்க ஆட்டுறியா?"

"சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்லலை, நெவென்கா. என் தொழில் மேல ஆணை."

"உன் தொழில் மேல ஆணை வச்சா எவன்டா நம்புவான்?"

"அவனைத் திட்டாதேம்மா" என்றார் ஷிமே. கிண்ணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தான் சொன்னேன். மூணு சனிக்கிழமையா வர்றாங்க. நல்ல பிள்ளைங்க. தோன்கா கதையைச் சொன்னப்ப இந்தப் பொண்ணு எப்படி அழுதுச்சு தெரியுமா?"

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்!"

இமொஜெனுக்கு முகம் சிவக்கவில்லை. காபியை நிதானமாக உறிஞ்சினாள். "நாங்க யாரையும் ஏமாத்தலை. தாத்தாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பாட்டி பக்கத்துல போகணும். அதுக்கு எவ்வளவு வேணுமோ அதைக் குடுக்குறோம். அவருக்கு வேண்டியது கிடைச்சுடும்."

"போதும்மா" என்றார் ஷிமே மகளிடம். "எனக்கு அது போதும். கையெழுத்துப் போடு."

அவர் தன் கையெழுத்தைப் போட்டுவிடுவார். ஆனால் வீட்டில் பாதி தோன்கா பெயரில் இருந்தது. தோன்காவுக்குப் பதிலாகப் போட வேண்டியவள் நெவென்கா.

"நுணலும் தன் வாயால் கெடும்கிற மாதிரி வாயைக் குடுத்துக் கெடுத்துட்டு, இப்ப கையெழுத்துப் போடச் சொல்றீங்களா? நாப்பது வருஷம் இரும்பு ஆலையில வெந்து கட்டின வீடுப்பா. கொள்ளை இது."

"வீட்டை வச்சு நான் என்ன செய்ய? அவ வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா."

"வெள்ளிக்கிழமையாவது, வெங்காயமாவது! எல்லாரும் இப்படித்தான் தேதி சொல்லி மிரட்டுவாங்க. ரூம் எங்கேயும் ஓடிடாது."

அப்போதுதான் இமொஜென் அந்தச் சொல்லை எடுத்து வைத்தாள், மிகவும் பதமாக. "ரூம் போக மிச்சப் பணம் யாருக்குப் போகும்? அதான் அக்காவுக்கு வலிக்குது போல."

ஷிமே மகளைப் பார்த்தார். ஒரு நொடிதான். ஆனால் பார்த்தார். அந்தப் பார்வையோடு நெவென்காவின் மனசு இறுகிப்போயிற்று. இனி இறங்கினால், இமொஜென் சொன்னது உண்மை, பிடிபட்டதால் இறங்கினாள் என்று ஆகிவிடும்.

"காபி குடிச்சாச்சுல்ல? எழுந்திருங்க ரெண்டு பேரும்."

தன் வீட்டில் விருந்தாளியை எழுப்பி அனுப்பியதை ஷிமே அன்றுதான் பார்த்தார். வாசல்வரை அவர்கள் பின்னால் போய், ஆளுக்கொரு பொட்டலம் அத்திப்பழம் கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை இல்லத்திலிருந்து மேலாளர் அம்மாள் கூப்பிட்டாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் வைக்க முடியும், நெவென்கா. அடுத்தவங்க காத்திருக்காங்க." நெவென்கா சிரித்தாள். வீடு பார்க்க வந்தவர்களிடம் டேரிலும் இதே பல்லவியைத்தானே பாடினான். அப்பா மூன்று முறை கேட்டார், "கையெழுத்துப் போடுறியாம்மா?" என்று. நான்காம் முறை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, பெட்டியைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தார். இருட்டிய பிறகு அவரே பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த புதன்கிழமை லாக்லன் இறங்கி வந்தான். நெவென்கா கேட்ட விலைக்கே வந்தான். டேரில் வாய் பிளந்தான். "கில்லாடி நீங்க!" என்றான். நெவென்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராக இல்லத்துக்கு வண்டியை விட்டாள்.

மேலாளர் அம்மாள் எழுந்து நின்று பேசினாள். அறைக்குத் திங்கட்கிழமையே வேறொரு கிழவனும் கிழவியும் குடிவந்துவிட்டார்கள். ஒற்றைக் கட்டிலும் அங்கே இல்லை. மிரட்டலாக இல்லாத தேதி அது ஒன்றுதான்.

ஷிமேக்கு நகரத்தின் மறுகோடியில், வேறொரு இல்லத்தில் இடம் கிடைத்தது. காசுக்குக் குறைவில்லாததால் தோட்டம் பார்த்த பெரிய அறை. தனி அறை. இரண்டு பேர் சேர்ந்து இருக்கிற அறை அங்கேயும் கிடையாது. சுவரோரம் சின்ன அடுப்பு, மேலே அவருடைய செம்புக் கிண்ணி. ஞாயிற்றுக்கிழமைகளில் நெவென்கா அவரைத் தோன்காவிடம் அழைத்துப்போய்க் கூட்டி வருவாள்.

முதல் ஞாயிறு அவள் போனபோது அறையில் காபி வாசனை தூக்கியது. தரை துடைக்க வந்த பெண் நாற்காலியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை கொண்டுவந்த பையனுக்கு ஷிமே ஒரு கோப்பை நீட்டினார். "உக்காருப்பா. வந்தவங்க வெறும் வாயோட போகக் கூடாது." பக்கத்து அறைக் கிழவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்தார், அவருக்கும் ஒன்று.

நெவென்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கிண்ணியில் இன்னும் காபி இருந்தது. தட்டில் அத்திப்பழமும் இருந்தது.

"எப்படி இருக்கீங்கப்பா?"

ஷிமே கிண்ணியைக் காபியோடு தொட்டியில் கவிழ்த்துவிட்டு, சட்டையை எடுத்து மாட்டினார்.

"வண்டியை எடு" என்றார்.